பத்தியமா, மருந்தா?

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் பேச வேண்டிய விஷயம் "பத்தியமா, மருந்தா?" என்பதாக நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். நான் வைத்தியனல்ல. வைத்திய சாஸ்திரம் படித்தவனுமல்ல. நாடி பிடித்துப் பார்க்கவும் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு சங்கதி உண்மையா பொய்யா என்று எப்படித் தெரிந்து கொள்ளுவது என்பதைப் பற்றி யோசிப்பதற்கு எவனும் வைத்தியனாக இருக்க வேண்டியதில்லை. அறிவுள்ள மனிதனாக இருந்தால் போதும். அந்த அளவில்தான் நான் பேசப் போகிறேன். நான் சொல்லுவதை நீங்கள் அப்படியே நம்பிவிட வேண்டாம். கேளுங்கள், யோசியுங்கள், சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக் கொள்ளுங்கள்.

நம் நாட்டில் ஒருவன் வியாதியாய்ப் படுத்துவிட்டால், அவனைப் பார்க்க வருகிறவர்கள் அத்தனை பேரும் வைத்தியர்களாகிவிடுகிறார்கள். ஒருவன் வருகிறான், "எனக்கும் இதே மாதிரிதான் வந்தது, ஆட்டுக்கால் சூப்புக் குடித்தேன், போய்விட்டது" என்கிறான். அடுத்தவன் வருகிறான், "மாமிசத்தை வாயில் வைக்காதே, கஞ்சியும் துவையலும்தான் உன்னைக் காப்பாற்றும்" என்கிறான். மூன்றாமவன், "இங்கிலீஷ் மருந்து சூடு, குடலை அரித்துவிடும்" என்கிறான். நான்காவதாக ஒரு பாட்டி வந்து, "இதெல்லாம் ஒன்றுமில்லை, அம்மனுக்கு மாவிளக்குப் போடு" என்கிறாள். ஐந்தாவதாக ஜோசியன் வந்து, ஏழரை நாட்டுச் சனி விலகினால் தானே சரியாகும் என்று தட்சணையை வாங்கிக்கொண்டு போகிறான். இந்த ஐந்து பேரிடமும் "ஐயா, ஆதாரம் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். ஐந்து பேரும் ஒரே பதிலைத்தான் சொல்லுவார்கள். "இன்னாருக்குக் கேட்டதே!" என்பார்கள்.

கேட்டது என்று யார் வந்து சொல்லுகிறான்? பிழைத்தவன்தானே வந்து சொல்லுகிறான்! செத்துப் போனவன் எழுந்து வந்து, "நானும் மாவிளக்குப் போட்டேன், அம்மன் என்னைக் கைவிட்டுவிட்டாள்" என்று சாட்சி சொல்லுவதுண்டா? லேகிய வைத்தியரின் சுவரில் தொங்குகிற நற்சாட்சிப் பத்திரங்களில் ஒன்றாவது சுடுகாட்டிலிருந்து வந்ததாக இருக்கிறதா? அன்றியும், ஜலதோஷம் போன்ற பல உபாதைகள் ஒன்றும் செய்யாவிட்டாலும் நாலு நாளில் தாமே போகக் கூடியவை. மூன்றாம் நாள் விபூதி போட்டவன் நான்காம் நாள் பெயரைத் தட்டிக்கொண்டு போய்விடுகிறான்.

இதைக் கேட்டவுடன் சில தோழர்கள், "ஆமாம், நாட்டு வைத்தியமும் மந்திரமும்தான் இப்படி, இங்கிலீஷ் டாக்டர்கள் படித்தவர்கள்" என்று நினைக்கக் கூடும். அதுதான் தப்பு. படித்த டாக்டர்களும் இதே குழியில்தான் வெகு காலம் கிடந்தார்கள். ஐரோப்பாவிலே என்ன வியாதி வந்தாலும் நரம்பைக் கீறி இரத்தத்தை வெளியே விடுவதுதான் சிகிச்சை என்று நூற்றுக்கணக்கான வருஷங்கள் செய்துகொண்டிருந்தார்கள். பெரிய பெரிய டாக்டர்கள், பெரிய பெரிய புஸ்தகங்கள்! அவர்களும் "என் நோயாளிக்குக் கேட்டது" என்றுதான் சொன்னார்கள். பெரியவர் சொன்னார், புஸ்தகத்தில் இருக்கிறது, வெகு நாளாய் நடந்து வருகிறது என்ற மூன்றும் நம்முடைய புராணக்காரர்களுக்கு மாத்திரம் சொந்தமான வாதங்களல்ல என்பதற்காகவே இதைச் சொல்லுகிறேன்.

பின்னை எப்படித்தான் தெரிந்து கொள்ளுவது? வழி மிகவும் சாதாரணமானது. ஒரே வியாதியுள்ள ஆட்களை இரண்டு கூட்டமாகப் பிரிக்க வேண்டும். ஒரு கூட்டத்துக்கு ஒரு சிகிச்சை, மற்றக் கூட்டத்துக்கு மற்றது. ஒரே காலத்தில் நடத்தி, முடிவில் எண்ணிப் பார்க்க வேண்டும். இதைத்தான் டாக்டர்கள் கிளினிக்கல் டிரையல் என்று சொல்லுகிறார்கள். இதில் சூக்ஷுமமான இடம் ஒன்றே ஒன்று. யார் எந்தக் கூட்டத்துக்குப் போவது என்பதை யார் தீர்மானிப்பது? டாக்டர் தீர்மானித்தால், தனக்குப் பிடித்த மருந்துக்குப் பிழைக்கக்கூடிய திடசாலிகளைத் தன்னை அறியாமலே பொறுக்கிவிடுவார். நோயாளியே தீர்மானித்தால், பணமுள்ளவன் ஒரு பக்கமும் இல்லாதவன் மற்றொரு பக்கமும் போய்விடுவான். பிறகு கிடைக்கிற முடிவு மருந்தினுடைய யோக்கியதையைச் சொல்லாது. பணத்தினுடைய யோக்கியதையைத்தான் சொல்லும். ஆகவே சீட்டுப் போடுகிறார்கள்.

சீட்டு என்றதும் உங்களுக்குக் கோயில் ஞாபகம் வரும். நம்முடைய ஊர்களில் கல்யாணத்துக்கும் வியாதிக்கும் வியாபாரத்துக்கும் சாமி முன்னால் பூக்கட்டிப் பார்க்கிறார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, மற்றொன்றில் சிவப்புப் பூ. ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்லி, வெள்ளை வந்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்கிறார்கள். டாக்டர் போடுகிற சீட்டும் பார்வைக்கு அதே பொட்டலந்தான். ஆனால் வித்தியாசத்தைக் கவனியுங்கள். பூசாரியின் சீட்டில் சீட்டே பதில். அத்தோடு யோசனை முடிந்துவிடுகிறது. இங்கே சீட்டு பதிலல்ல; அதிலிருந்துதான் வேலையே ஆரம்பிக்கிறது. பூசாரியின் சீட்டில் ஒருவனுடைய சித்தம் இருப்பதாகச் சொல்லுகிறான். இங்கே எவனுடைய சித்தமும் - டாக்டர் சித்தமோ, பணக்காரன் சித்தமோ, சாமி சித்தமோ - உள்ளே நுழையாமல் இருப்பதற்காகவே சீட்டு. ஒரே பொட்டலம் ஓரிடத்தில் மூட நம்பிக்கைக்கும் மற்றோரிடத்தில் அறிவுக்கும் உதவுகிறது பார்த்தீர்களா?

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் எடுத்துக் கொண்டிருப்பது க்ஷயரோகம். இப்பொழுது காசநோய் என்றும் டி.பி. என்றும் சொல்லுகிறார்கள். இதைப் போல ஏழைகளைத் தின்ற வியாதி வேறு அதிகமில்லை. இது ஒரு கிருமியினால் வருவது என்று 1882-ல் ராபர்ட் காக் என்ற ஜெர்மன் டாக்டர் கண்டுபிடித்துக் காட்டினார். அதுவரையில் நம்மவர்கள் இதைப் பூர்வ ஜென்ம பாபம் என்று சொல்லி வந்தார்கள். அதற்குப் பிறகும் சொல்லி வந்தார்கள் என்பது வேறு விஷயம்.

கிருமி தெரிந்ததே ஒழிய அதைக் கொல்ல மருந்து கிடைக்கவில்லை. அதற்காக டாக்டர்கள் கண்ட வழிதான் சானடோரியம். 1850-களில், இப்பொழுது போலந்து நாட்டில் இருக்கிற கோர்பர்ஸ்டார்ப் என்ற மலைக்கிராமத்தில், பிரெமர் என்ற ஜெர்மன் டாக்டர் இதை ஆரம்பித்தார். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, பூரண ஓய்வு. மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் அங்கேயே இருக்க வேண்டியது. உலகம் முழுவதும் இது பரவிற்று. நம் பக்கத்திலும் 1928-ல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்துக்கு அருகில் ஒன்றை ஏற்படுத்தினார். பிறகு அது சர்க்கார் வசம் வந்தது. இன்றைக்கும் அந்த ரயில்வே ஸ்டேஷனுக்குத் தாம்பரம் சானடோரியம் என்றுதான் பெயர். தினந்தோறும் ஆயிரக்கணக்கானவர் அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்குகிறார்கள். அந்தப் பெயர் என்னவென்று கேட்டால் ஊர்ப் பெயர் என்பார்கள்.

சானடோரியம் வைத்தியம் யாருக்கு? "பால் குடி, முட்டை தின், காற்றோட்டமான இடத்தில் படு, ஆறு மாதம் வேலை செய்யாதே" என்று டாக்டர் ஒரு ரிக்ஷாக்காரனிடம் சொல்லுகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். அவன் என்ன நினைப்பான்? "இவ்வளவும் என்னிடம் இருந்திருந்தால் எனக்கு ஏன் சாமி இந்த வியாதி வருகிறது?" என்றுதானே நினைப்பான்! வியாதியஸ்தர்கள் லட்சக் கணக்கில்; படுக்கைகளோ ஆயிரக் கணக்கில். படுக்கை கிடைக்காதவன் என்ன செய்வது? மருந்து இருந்தாலும், இந்தப் பத்தியம் இல்லாமல் மருந்து பலிக்காது என்றே டாக்டர்கள் நம்பினார்கள். ஆகவே படுக்கை கிடைக்காத ஏழை செத்துப் போக வேண்டியதுதான் என்று ஆயிற்று. பாபம் என்று சொன்னவன் ஒரு வழியில் கொன்றான். சானடோரியம் இல்லாமல் முடியாது என்று சொன்னவன் மற்றொரு வழியில் கொன்றான். இரண்டாமவனுக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்பதை ஒப்புக் கொள்ளுகிறேன். நல்ல எண்ணத்தினால் செத்தவனுக்கு என்ன லாபம்?

முதலில் மருந்து வந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் என்ற அந்த மருந்தை 1947-ல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் பரீக்ஷை செய்தது. கைவசம் இருந்த மருந்து மிகக் கொஞ்சம். எல்லோருக்கும் கொடுக்கப் போதாது. பிராட்போர்ட் ஹில் என்ற கணக்கு நிபுணர், சீட்டைக் கவரில் போட்டு ஒட்டி வைத்துக் கூட்டம் பிரிக்கும்படி ஏற்பாடு செய்தார். 107 பேர். 55 பேருக்குப் படுக்கை ஓய்வும் மருந்தும். 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மாத்திரம். எக்ஸ்ரே படத்தைப் பார்த்து அபிப்பிராயம் சொன்ன டாக்டர்களுக்கு, எது எந்தக் கூட்டத்து ஆளின் படம் என்று தெரியாது. ஆறு மாதத்தில், மருந்து பெற்றவர்களில் 4 பேர் இறந்தார்கள். ஓய்வு மாத்திரம் பெற்றவர்களில் 14 பேர் இறந்தார்கள். 1948-ல் இந்த முடிவை அச்சிட்டு உலகத்துக்குச் சொன்னார்கள். நூறு வருஷமாய் உலகம் நம்பி வந்த ஓய்வு, தனியாக நின்றபொழுது எவ்வளவுக்கு உதவும் என்பது அப்பொழுதுதான் எண்ணிக்கையில் தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது. ஒரே மருந்தைக் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிப் போய்விடுகிறது. அதனால் இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று கண்டார்கள்.

இப்பொழுது கேள்வி திரும்பி நிற்கிறது. மருந்து இல்லாத ஓய்வு போதாது என்று தெரிந்துவிட்டது. ஓய்வு இல்லாத மருந்து போதுமா? நல்ல சாப்பாடு இல்லாத மருந்து போதுமா? குடிசையில் கிடந்துகொண்டு, வேலைக்கும் போய்க்கொண்டு, கஞ்சியைக் குடித்துக்கொண்டு, மருந்தை மாத்திரம் தின்றால் பிழைப்பானா? இந்தக் கேள்வியை லண்டனில் கேட்டுப் பிரயோசனமில்லை. ஏழை நாட்டில்தான் கேட்க வேண்டும். அது கேட்கப்பட்ட இடம் எது தெரியுமா? நம்முடைய சென்னைதான்!

1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் க்ஷயரோகத்துக்காக ஒரு ஆராய்ச்சி நிலையம் ஏற்படுத்தின. வாலஸ் பாக்ஸ் என்ற ஆங்கில டாக்டர் முன்னின்று நடத்தினார். சென்னை நகரத்து ஏழை ஜனங்களில் க்ஷயரோகம் கண்டவர்கள் 193 பேரைச் சேர்த்தார்கள். சீட்டுப் போட்டார்கள். ஒரு கூட்டம் சானடோரியத்துக்கு - தாம்பரத்துக்கும் மதனப்பள்ளிக்கும் - போயிற்று. அங்கே ஓய்வு, தாதிகளின் கவனிப்பு, நல்ல ஆகாரம். மற்றக் கூட்டம் தன் வீட்டிலேயே இருந்தது. வீடு என்றால் மாடி வீடு அல்ல. ஒரே அறையில் ஐந்து பேரும் ஆறு பேரும் படுக்கிற வீடு. இரண்டு கூட்டத்துக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷத்துக்கு: ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். என்ற இரண்டும் சேர்த்து. வீட்டில் இருந்தவர்கள் நிலையத்துக்கு வந்து மருந்தை வாங்கிக்கொண்டு போவார்கள். அவர்கள் உண்மையாகவே தின்கிறார்களா என்று பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரையை எண்ணுவார்கள். சிறுநீரைச் சோதித்துப் பார்ப்பார்கள். ஏழை என்றால் பொய் சொல்லுவான் என்பதற்காக அல்ல. எவனும் மறப்பான் என்பதற்காக.

ஒரு வருஷம் கழித்து எண்ணினார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களில் 100-க்கு 92 பேருக்குச் சளியில் கிருமி ஒழிந்து நோய் அடங்கியிருந்தது. குடிசையில் இருந்தவர்களில் 100-க்கு 86 பேருக்கு அடங்கியிருந்தது.

தோழர்களே, "பார், சானடோரியந்தானே ஜெயித்தது! ஆறு பேர் அதிகமாயிற்றே!" என்று ஒருவர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். நமக்குச் சாதகமான எண்ணை மாத்திரம் சொல்லி மற்றதை மறைப்பது புராணிகன் வேலை; அதை நாம் செய்யக் கூடாது. ஒவ்வொரு கூட்டத்திலும் நூறு பேர் கூட இல்லை. அவ்வளவு சிறிய கூட்டத்தில் ஐந்தாறு பேர் வித்தியாசம் சீட்டின் வாக்கிலேயே வரக் கூடியது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு உடம்பு எடையும் அதிகம் ஏறியிருந்தது. அதையும் மறைக்காமல் எழுதினார்கள். பிறகு இரண்டு கூட்டத்தையும் ஐந்து வருஷம் வரையில் விடாமல் பார்த்தார்கள். நோய் திரும்பி வந்தது இரண்டு கூட்டத்திலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால் மிச்சமிருந்த பெரிய பயம் என்ன? வீட்டில் வைத்துக் கொண்டால் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு ஒட்டிவிடுமே என்பது. அதையும் எண்ணிப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவனுடைய குடும்பத்தாருக்கு, சானடோரியத்துக்குப் போனவனுடைய குடும்பத்தாரைக் காட்டிலும் அதிகமாக வியாதி வரவில்லை. வியாதி கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னாலேயே ஒட்ட வேண்டியவர்களுக்கு ஒட்டிவிடுகிறது. மருந்து ஆரம்பித்தால் பிறருக்கு ஒட்டும் சக்தி சீக்கிரம் போய்விடுகிறது.

1959-ல் இந்த முடிவு வெளிவந்தது. இதனால் என்ன ஆயிற்று? படுக்கை இல்லை என்று ஏழையைத் திருப்பி அனுப்புவதற்கு இருந்த நியாயம் போயிற்று. 1962-ல் இந்திய சர்க்கார் ஆரம்பித்த க்ஷயரோகத் திட்டம் வீட்டிலேயே மருந்து கொடுக்கிற முறையில் அமைந்தது. மற்ற நாடுகளும் அந்த வழிக்கே வந்தன. பணக்கார நாடுகளிலும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. இதில் பெண்களுக்கு ஏற்பட்ட விடுதலையை யாரும் பேசுவதில்லை. இந்த நாட்டில் க்ஷயரோகம் வந்த பெண்ணுக்கு இருமலைவிட ஊர்ப் பேச்சுத்தான் பெரிய வியாதி. அவள் பிள்ளையை விட்டுவிட்டு ஒரு வருஷம் சானடோரியத்துக்குப் போய்த் திரும்பினால், வீட்டில் அவளுடைய இடம் அப்படியே இருக்கும் என்று யாராவது ஜாமீன் கொடுக்க முடியுமா? வீட்டில் இருந்தபடியே பிழைக்கலாம் என்பது அவளுக்கு மருந்து மாத்திரமல்ல, மானமும் ஆகும்.

நிற்க. இந்த முடிவைத் தப்பாக எடுத்துக் கொள்ளுகிறவர்களும் உண்டு. "மருந்து கொடுத்தால் போதும், ஏழைக்குச் சோறு எதற்கு?" என்று ஒரு கணக்குப்பிள்ளை புத்தி கிளம்பிற்று. சென்னைப் பரீக்ஷை அப்படிச் சொல்லவில்லை. இரண்டு மருந்தும் ஒழுங்காகக் கிடைத்தால் சானடோரியத்துச் சாப்பாடு இல்லாமலும் நோய் அடங்கும் என்றுதான் சொல்லிற்று. பட்டினி நல்லது என்றோ, பட்டினியால் இந்த வியாதி வருவதில்லை என்றோ அது சொல்லவில்லை. அந்தக் கேள்வியை அது கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் வந்துவிட்டதாகச் சொல்லுவது பகுத்தறிவல்ல.

அந்தக் கேள்வியைப் பிற்பாடு ஜார்க்கண்டில் கேட்டார்கள். 2019 முதல் 2022 வரையில் நான்கு ஜில்லாக்களில் நடந்தது. சென்னையில் உள்ள அந்த நிலையத்துக்கும் - இப்பொழுது அதற்குத் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் - இதில் பங்கு உண்டு. 2,800 நோயாளிகள், எல்லோருக்கும் மருந்தோடு மாதந்தோறும் அரிசி, பருப்பு, பால் மாவு, எண்ணெய். இந்த நோயாளிகளில் 100-க்கு 80-க்கு மேற்பட்டவர்கள் உடம்பு எடை போதாத எலும்புக் கூடுகளாய் வந்தவர்கள். அவர்கள் வீட்டிலே கூட இருக்கிறவர்கள் 10,345 பேர். இந்த வீட்டார் விஷயத்தில்தான் சீட்டு. ஆளுக்கு ஆள் சீட்டுப் போட்டால், ஒரே வீட்டில் ஒருவனுக்கு அரிசியும் மற்றவனுக்கு இல்லையும் ஆகுமல்லவா? அதனால் வட்டாரம் வட்டாரமாகச் சீட்டுப் போட்டார்கள். ஒரு பகுதி வட்டாரங்களில் வீட்டார் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. மற்ற வட்டாரங்களில் வீட்டாருக்கு அது இல்லை.

2023-ல் வந்த முடிவு என்ன? அரிசியும் பருப்பும் பெற்ற வீட்டாருக்கு இந்த வியாதி வந்தது 100-க்கு 39 பங்கு குறைந்தது. பிறருக்கு ஒட்டக் கூடிய நுரையீரல் வியாதியை மாத்திரம் எடுத்தால் ஏறக்குறையப் பாதியாய்க் குறைந்தது. ஒன்றரைக் கிலோ பருப்பு, தோழர்களே! யாகம் அல்ல, பரிகாரம் அல்ல. தலைவிதி என்று நெற்றியில் எழுதியிருந்ததாகச் சொன்னது பருப்புக்கு அழிந்து போகுமானால், எழுதியவனுடைய மை எப்படிப்பட்ட மை? இந்திய சர்க்கார் 2018 முதல் நோயாளிக்குச் சாப்பாட்டுக்காக மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் கொடுக்கிறது. வீட்டாருக்கும் உணவு வேண்டும் என்பதை ஒரு தர்மப் பிரபுவின் இரக்கமாகக் கேட்க வேண்டியதில்லை. எண்ணிப் பார்த்த கணக்காகவே வைத்துக் கேட்கலாம்.

ஆக, பத்தியம் பெரிதா மருந்து பெரிதா என்றால், எந்த வியாதிக்கு, யாருக்கு, எந்தக் கட்டத்தில் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. நீரிழிவை எடுத்துக் கொள்ளுங்கள். சர்க்கரை வியாதி வரப் போகிற நிலையில், ஆனால் இன்னும் வராமல் இருந்த 531 பேரை நமது நாட்டில் சென்னை டாக்டர்கள் நான்கு கூட்டமாகப் பிரித்துப் பார்த்தார்கள். மூன்று வருஷத்தில், விசேஷ ஏற்பாடு ஒன்றுமில்லாத கூட்டத்தில் 100-க்கு 55 பேருக்கு வியாதி வந்துவிட்டது. தினம் நடந்து, சாப்பாட்டைத் திருத்திக் கொண்ட கூட்டத்தில் 39 பேருக்கு. மெட்பார்மின் மாத்திரை தின்ற கூட்டத்தில் 40 பேருக்கு. நடையும் மாத்திரையும் இரண்டையும் செய்த கூட்டத்தில்? இரட்டிப்பு லாபம் கிடைத்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்! அவர்களிலும் 39-க்கும் 40-க்கும் நடுவில்தான். இது 2006-ல் வெளிவந்தது. அமெரிக்காவில் 2002-ல் வெளிவந்த 3,234 பேர் பரீக்ஷையில் மாத்திரையைவிட நடையும் உணவுக் கட்டுப்பாடும் தெளிவாக ஜெயித்தன. அதிலேயே வேறொரு புது மாத்திரையும் முதலில் சேர்க்கப்பட்டிருந்தது. டிரோகிளிடசோன் என்று பெயர். அது ஈரலைக் கெடுக்கிறது என்று கண்டு 1998-ல் அந்தப் பகுதியையே நிறுத்திவிட்டார்கள். கம்பெனிக்காரன் டப்பாவில் என்ன அச்சடித்தான் என்பதை வைத்துக் கொண்டிருந்தால் இது தெரிந்திருக்குமா?

கடைசியாக, வெகு நியாயமான ஒரு ஆக்ஷேபணைக்குப் பதில் சொல்ல வேண்டும். "மனிதனை வைத்துச் சீட்டுப் போடுவதா? அதிலும் ஏழையை வைத்தா?" என்று கேட்கிறார்கள். சுயமரியாதைக்காரன் இந்தக் கேள்வியைக் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது? அமெரிக்காவில் டஸ்கிகீ என்ற இடத்தில் 1932 முதல் 1972 வரை நாற்பது வருஷம், மேகவியாதி கண்ட 399 நீக்ரோ மக்களை - கறுப்பர்களை அந்நாளில் அப்படித்தான் அழைத்தார்கள் - சர்க்கார் டாக்டர்களே சிகிச்சை கொடுக்காமல் வைத்து வேடிக்கை பார்த்தார்கள். பென்சிலின் என்ற கைகண்ட மருந்து வந்த பிறகும் கொடுக்கவில்லை. என்ன வியாதி என்றுகூட அவர்களிடம் உண்மையைச் சொல்லவில்லை. வெள்ளைக்காரனை இப்படி வைத்திருப்பார்களா? அங்கே நிறம், இங்கே ஜாதி. நான் புகழ்ந்து சொன்ன 1947-ம் வருஷத்து லண்டன் பரீக்ஷையிலும், ஓய்வு மாத்திரம் பெற்றவர்களுக்குத் தாங்கள் பரீக்ஷையில் இருப்பதையே சொல்லவில்லை. அது குற்றந்தான். 1964-ல் உலக டாக்டர்கள் சங்கம் ஹெல்சிங்கியில் கூடி, ஆளுக்கு விஷயத்தைச் சொல்லிச் சம்மதம் பெறாமல் பரீக்ஷை கூடாது என்று விதி செய்தது. ஆகையால் எந்தப் பரீக்ஷையைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் இதைக் கேளுங்கள்: எது நல்லது என்று உண்மையிலேயே தெரியாமல் இருந்ததா? சம்மதம் கேட்டார்களா? வேண்டாம் என்றவனை விட்டார்களா? முடிவினால் லாபம் அடைவது பரீக்ஷைக்கு உட்பட்ட அந்த ஜனங்களா, வேறு யாராவதா? சென்னையில் சீட்டுக்கு உட்பட்டவர்கள் ஏழைகள்தாம். ஆனால் குணமாக்கும் மருந்து இரண்டு கூட்டத்துக்கும் கிடைத்தது, முடிவினால் பிழைத்ததும் ஏழைகள்தாம்.

அன்றியும் ஒன்று. சீட்டுப் போடாமல் பார்ப்பது கொடுமை இல்லை என்று நினைக்கிறீர்களே, பரீக்ஷை செய்யாமல் நூறு வருஷம் நம்பினதும் மனிதர்கள்மேல் செய்த பரீக்ஷைதானே? ஒரு வித்தியாசம், அதில் யாரும் எண்ணிக்கை வைத்துக் கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இப்பொழுது நேரம் வெகுவாய் ஆகிவிட்டது. போவதற்கு முன் ஒரு காரியம். இந்தக் கூட்டத்தில் யாருக்காவது, அல்லது வீட்டில் யாருக்காவது, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் வெட்கப்படாமல் சர்க்கார் ஆஸ்பத்திரியில் சளியைக் கொடுத்துச் சோதித்துக் கொள்ளுங்கள். சோதனைக்கும் மருந்துக்கும் காசில்லை. மருந்து ஆரம்பித்தவர்கள் இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிட்டது என்று நிறுத்தி விடாதீர்கள். டாக்டர் சொன்ன நாள் வரையில், பெரும்பாலோருக்கு ஆறு மாதம், தின்றே ஆக வேண்டும். சாமிக்கு வேண்டிக் கொண்டவர்கள் நேர்த்திக் கடனுக்கு வைத்திருக்கிற பணத்தில் வீட்டாருக்குப் பருப்பு வாங்கலாமா என்று யோசியுங்கள். மேஜைமேல் நாலைந்து கேள்விச் சீட்டுகள் வந்திருக்கின்றன. ஒரு தோழர், நான் சொன்னதற்கு நேர் விரோதமாகத் தம் தகப்பனாருக்கு லேகியத்தினால் குணமான சங்கதியை எழுதியிருக்கிறார். தலைவர் அனுமதி கொடுத்தால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.